யாருடைய உயிர் அது? வரவிருக்கும் ‘பிராங்கன்ஸ்டைன்’ படம் குறித்து ஒரு முன்பார்வை

சாலாக் செலாத்தான் – 2025 நவம்பர் 7-ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளியாகவிருக்கும் ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தின் முன்னோட்டம் புலனக் குழுக்களில் சுற்றத் தொடங்கிவிட்டது. பனிக்கடலில் சிக்கிக்கொண்ட ஒரு கப்பல். கோபுரத்தின் மேலே ஓர் ஆய்வுக்கூடம். இடி, மின்னல். போர்வையால் தலையை மூடிக்கொண்டு பனியில் நடந்து வரும் நெடிய உருவம்.

இதைப் பார்த்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பேய்ப் படமா?”

எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு அக்காவும் அதைத்தான் கேட்டார். “பேய் இல்லக்கா. ஒரு டாக்டரு, செத்துப்போனவங்க உடம்புலேருந்து கையி, காலு, தலைன்னு எடுத்து ஒட்டி, புதுசா ஒரு ஆள உண்டாக்கி உயிர் குடுக்கிறாரு. அதுதான் கதை” என்றேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி தம்பி, உடம்பு நாலு பேரோடது. உயிர் யாரோடது?” என்றார்.

இருநூறு ஆண்டுகளாக இந்தக் கதையைப் பற்றி எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களை அந்த ஒரு கேள்வி தாண்டிப் போய்விட்டது. படம் வருவதற்குள் அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. பிராங்கன்ஸ்டைன் என்பது அந்த உருவத்தின் பெயர் அல்ல. அதை உண்டாக்கிய மனிதனின் பெயர்: விக்டர் பிராங்கன்ஸ்டைன். உண்டாக்கப்பட்டவனுக்குக் கதையில் பெயரே கிடையாது. பெயர் வைக்க வேண்டியவன் அவனைப் பார்த்த மாத்திரத்தில் பயந்து ஓடிவிடுகிறான். பிறகு வந்த சினிமாவும் விளம்பரங்களும் சேர்ந்து தகப்பன் பெயரைப் பிள்ளைக்கே ஒட்டிவிட்டன.

எழுதியவர் மேரி ஷெல்லி. எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. இந்த நாவல் பிறந்த கதையில் நம் வட்டாரத்திற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேசியாவின் சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. எழுதப்பட்ட வரலாற்றில் அதைவிடப் பெரிய எரிமலை வெடிப்பு பதிவாகவில்லை. மலையின் உச்சியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான உயரம் காணாமல் போனது. வெடிச் சத்தம் ஜாவாவில் பீரங்கி முழக்கம் போலக் கேட்டதால், எதிரி தாக்குகிறான் என்று நினைத்துப் படையினரை அனுப்பிப் பார்த்தார்கள். அப்போது ஜாவாவை ஆண்டுகொண்டிருந்தவர் பின்னாளில் சிங்கப்பூரோடு பெயர் சேர்த்துச் சொல்லப்படும் ராஃபிள்ஸ். வெடிப்பிலும் அதைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் பல்லாயிரக்கணக்கானோர் மடிந்தனர்.

வானில் ஏறிய நுண்துகள்கள் உலகைச் சுற்றிப் பரவி வெயிலை மறைத்தன. அடுத்த ஆண்டு, 1816-இல், ஐரோப்பாவுக்குக் கோடைக்காலமே வரவில்லை. பயிர் அழுகியது, ரொட்டி விலை ஏறியது. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா ஏரிக்கரைக்கு உல்லாசமாகப் போயிருந்த ஆங்கிலக் கவிஞர் பைரனும் அவருடைய நண்பர்களும் மழைக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். பொழுது போகவில்லை. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். கவிஞர் ஷெல்லியோடு அங்கே வந்திருந்த மேரி, பேய் இல்லாத ஒரு பயங்கரக் கதையைத் தொடங்கினார். கூட்டத்தில் இருந்த மருத்துவர் பாலிடோரி பின்னர் ரத்தக்காட்டேரிக் கதை ஒன்றை எழுதினார். இன்று உலகத் திகில் சினிமாவைத் தூக்கி நிறுத்தியிருக்கும் இரண்டு தூண்களும் அந்த ஒரே வீட்டில், அந்த ஒரே மழைக்காலத்தில் நடப்பட்டவை. மழைக்குக் காரணம் நம் கடல்பகுதியில் வெடித்த மலை.

நாவல் 1818 ஜனவரி முதல் தேதி, ஆசிரியர் பெயர் இல்லாமல், 500 பிரதிகள் வெளிவந்தது.

ஏன் 18 வயதுப் பெண்ணுக்குப் பிணத்திற்கு உயிர் கொடுக்கும் கதை தோன்றியது? இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, அன்றைய அறிவியல். இத்தாலியில் கல்வானி என்பவர் செத்த தவளையின் காலில் மின்சாரம் பாய்ச்சி அது துடிப்பதைக் காட்டியிருந்தார். அவருடைய மருமகன் ஆல்டினி, 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் பலர் பார்க்க மின்சாரம் பாய்ச்சினார். தாடை நடுங்கியது, ஒரு கண் திறந்தது. பிணம் எழுந்துவிடுமோ என்று கூட்டத்தில் சிலர் நினைத்தார்களாம். மின்சாரம்தான் உயிரோ என்று படித்தவர்களே பேசிக்கொண்ட காலம் அது.

இன்னொன்று, அவர் வீட்டுத் துக்கம். மேரி பிறந்த சில நாள்களில் அவருடைய தாய் இறந்துபோனார். 1815-இல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த முதல் பெண் குழந்தை இரண்டே வாரத்தில் இறந்தது. குழந்தை உண்மையில் சாகவில்லை, குளிரில் விறைத்துத்தான் இருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்துவிட்டதும் பிழைத்துக்கொண்டது என்று ஒரு கனவு கண்டதாகத் தன் நாட்குறிப்பில் அவர் எழுதியிருக்கிறார். விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. ஆய்வுக்கூடம், மின்னல் என்று எவ்வளவு சொன்னாலும், இந்தக் கதையின் அடியில் இருப்பது பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் கனவு என்றுதான் எனக்குப் படுகிறது.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருவோம்.

நம் கதைகளில் உயிர் ஒரு பயணி. உடம்பு அது தங்கும் கூடு. அதனால்தான் கூடு விட்டுக் கூடு பாய்தல் என்ற சொல்லே தமிழில் இருக்கிறது. திருமூலர் கதை பலருக்கும் தெரியும். மேய்ப்பன் மூலன் செத்துக் கிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுவதைக் கண்ட சிவயோகி, அந்த உடலுக்குள் புகுந்து எழுந்து பசுக்களை வீட்டுக்கு ஓட்டிச் செல்கிறார். அங்கே யாருடைய உயிர் என்ற குழப்பம் இல்லை. உடம்பு மூலனுடையது, உயிர் யோகியினுடையது. மூலனின் மனைவிதான் பாவம், வந்திருப்பவர் தன் கணவன் இல்லை என்பதைத் தாங்க முடியாமல் தவிக்கிறாள். விக்கிரமாதித்தன் கதையில் மரத்தில் தொங்கும் பிணத்திற்குள் இருக்கும் வேதாளமும் அப்படித்தான். உள்ளே இருப்பது வேறு ஆள் என்று கேட்பவருக்குத் தெரியும்.

மேரி ஷெல்லி இதைத் தலைகீழாக்கினார். விக்டர் செய்யும் உடலுக்குள் வெளியிலிருந்து எந்த உயிரும் வந்து புகவில்லை. உடம்பைச் சரியாகப் பொருத்தி ஒரு பொறி தட்டினால் உயிர் தானாகவே எரியத் தொடங்குகிறது. வந்தவன் பழைய ஆளும் இல்லை, வேறோர் ஆவியும் இல்லை. புதிதாகப் பிறந்தவன். எட்டடி உயரத்தில் ஒரு கைக்குழந்தை! அவனுக்கு முன்ஜென்மம் கிடையாது, கர்மக் கணக்கு கிடையாது, மந்திரத்தால் விரட்டவும் முடியாது. பேய்ப் படத்தில் கடைசியில் பூசாரி வருவார், வேப்பிலை வரும், அம்மன் வருவாள், படம் முடியும். இங்கே யாரை அழைப்பது?

பேய்ப் படத்திற்கும் அறிவியல் திகில் படத்திற்கும் உள்ள வேறுபாடு இந்த இடத்தில்தான் இருக்கிறது. பேயின் பின்னால் ஓர் அநியாயம் இருக்கும், அதற்குத் தீர்வு கிடைத்தால் அது போய்விடும். அறிவியல் திகிலின் பின்னால் ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஆள்கள் சாவார்கள்.

இது சினிமாவில் மட்டும் நடப்பதில்லை. 1998 கடைசியில் பேராக் கிந்தா வட்டாரத்தில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் காய்ச்சல் கண்டு, நினைவிழந்து இறக்கத் தொடங்கினார்கள். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதி மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. நோய் நெகிரி செம்பிலானுக்கும் இறங்கியது. போர்ட் டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டோக் பண்ணைகள் அப்போது நாட்டிலேயே பெரியவை. இங்கிருந்து ஒரு மணி நேரக் கார் பயணம். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த ஒரு நோயாளியிடமிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. மொத்தம் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன.

கிருமிக்கு நிப்பா என்று அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 2011-இல் ஹாலிவுட்டில் வந்த ‘கன்டேஜியன்’ படம் தன் கற்பனைக் கிருமியை இந்த நிப்பாவைப் பார்த்துத்தான் வடிவமைத்தது. அதன் கடைசிக் காட்சியில் காடு அழிக்கப்பட, வௌவால் பறந்து வந்து பன்றிப் பண்ணையில் பழத்துண்டைப் போடும். அது நம் கதை. நாம்தான் அதை இன்னும் படமாக எடுக்கவில்லை. கேரளத்தில் 2018-இல் நிப்பா வந்தது, அடுத்த ஆண்டே மலையாளத்தில் ‘வைரஸ்’ என்று அருமையான படம் வந்துவிட்டது.

தமிழ் சினிமா பக்கம் வந்தால், பிராங்கன்ஸ்டைனின் தம்பி ஒருவன் நமக்கு 1989-லேயே பிறந்துவிட்டான். வேலு பிரபாகரன் இயக்கிய முதல் படம் ‘நாளைய மனிதன்’. பிரபு, அமலா, ஜெய்சங்கர் நடித்தது. இறந்தவனை எழுப்பும் மருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். எழுந்து வருபவன் மனிதனாக இல்லை, கொலை செய்யும் உடம்பாக இருக்கிறான். அந்த உடம்பாக நடித்தவர் அஜய் ரத்னம். உயரமும் அகன்ற தோளும் அசையாத முகமுமாக அவர் நடந்து வருவதுதான் படமே. வீடியோ கேசட்டை வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கதை மறந்திருக்கும், அஜய் ரத்னம் மறந்திருக்க மாட்டார். அடுத்த ஆண்டே ‘அதிசய மனிதன்’ என்று இரண்டாம் பாகமும் வந்தது.

இன்று பார்த்தால் அதன் ஒப்பனையும் தந்திரக் காட்சிகளும் பழசாகத் தெரியும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன். எனக்குள்ள குறை வேறு. எழுப்பப்பட்டவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று படம் கேட்பதே இல்லை. 1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்த புகழ்பெற்ற ஹாலிவுட் படமும் அதே தவறைத்தான் செய்தது. தட்டைத் தலையும் கழுத்தில் இரும்பு முளையுமாக நாம் அறிந்த அந்த முகம் அந்தப் படத்தின் ஒப்பனைக்காரர் ஜேக் பியர்ஸ் உண்டாக்கியது. நாவலில் அப்படி எதுவும் இல்லை. நாவலில் அவன் ஒரு குடும்பத்தை மறைந்திருந்து பார்த்தே பேசக் கற்றுக்கொள்கிறான், புத்தகம் படிக்கிறான், தன்னை உண்டாக்கியவன் முன்னால் நின்று நெடுநேரம் வழக்காடுகிறான். சினிமா அவன் நாக்கைப் பறித்துக்கொண்டது.

நாளைய மனிதனுக்குப் பின்னால் தமிழில் இந்த வகை நெடுங்காலம் தூங்கிவிட்டது. 2016-இல் சக்தி சௌந்தர்ராஜன் இயக்கிய ‘மிருதன்’ அதை எழுப்பியது. ஊட்டியில் ரசாயனக் கழிவு, அதில் வாய் வைக்கும் நாய், நாய்க்கடியால் வெறி பிடித்த மனிதர்கள். அன்றைய ஜெயம் ரவி, இன்றைய ரவி மோகன், போக்குவரத்துக் காவலராக வருவார். அதில் தொற்று கண்டவர்கள் தண்ணீருக்கு அஞ்சுவார்கள். வெறிநாய்க்கடியின் அறிகுறி என்று தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஹாலிவுட் ஜாம்பியை அப்படியே இறக்கிவைக்காமல், நம் மக்கள் ஏற்கெனவே அஞ்சும் ஒன்றோடு முடிச்சுப் போட்டதால்தான் அது எடுபட்டது. மறு ஆண்டு சி.வி.குமார் இயக்கிய ‘மாயவன்’ இன்னும் ஒரு படி மேலே போய், கூடு விட்டுக் கூடு பாய்தலை மூளையின் நினைவுகளை வேறோர் உடலுக்கு மாற்றும் ஆய்வாகச் சொன்னது. திருமூலரை ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தால் எப்படியிருக்கும் என்ற கேள்வி. இன்னும் நன்றாக ஓடியிருக்க வேண்டிய படம்.

நம் நாட்டிலும் திகில் படத்திற்கு அடிக்கல் நாட்டியவர்களில் இந்தியர்கள் இருக்கிறார்கள் என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1957-இல் மரியா மெனாடோ நடித்து, கேத்தே கெரிஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் ‘பொந்தியானாக்’ படத்தை இயக்கியவர் கேரளத்திலிருந்து வந்த பி.என்.ராவ். மறு ஆண்டு ‘ஓராங் மிஞாக்’ படத்தை இயக்கியவர் எல்.கிருஷ்ணன், தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். பி.ரம்லீயை 1950-இல் முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ படமும் இவருடையதே. பால்மரக் காட்டில் பொந்தியானாக் நிற்கிறாள் என்று நம் பாட்டிமார் பிள்ளைகளைப் பயமுறுத்தினார்கள் அல்லவா, அவளுக்குத் திரையில் முகம் கொடுத்ததே நம்மவர் ஒருவர்தான்.

சரி, வரப்போகும் படத்திற்குத் திரும்புவோம். இயக்குநர் கியெர்மோ டெல் டோரோ, மெக்சிகோக்காரர். ‘தி ஷேப் ஆஃப் வாட்டர்’ படத்திற்காக ஆஸ்கார் வாங்கியவர். இந்தப் படத்தை எடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு முன் அவர் எடுத்தது ‘பினோக்கியோ’. தச்சன் செதுக்கிய மரப்பொம்மை மகனாகத் துடிக்கும் கதை. இப்போது பிணங்களால் ஆன மகன். உருவாக்கியவனுக்கும் உருவானவனுக்கும் இடையிலான தகப்பன்-பிள்ளைச் சண்டையை அவர் விடுவதாக இல்லை.

விக்டராக ஆஸ்கர் ஐசக், உருவமாக ஜேக்கப் எலார்டி, எலிசபெத்தாக மியா கோத். முதலில் உருவமாக நடிக்க ஒப்பந்தமானவர் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட். அவர் விலகியதும் கடைசி நேரத்தில் எலார்டி வந்தார். ஆறடி ஐந்து அங்குல உயரம். முழு ஒப்பனை போட 10 மணி நேரம் வரை ஆனதாம். முன்னோட்டத்தில் என்னை முதலில் நிறுத்தியது அந்த ஒப்பனைதான். கழுத்தில் முளை இல்லை, கரடுமுரடான தையல் இல்லை. வெளிறிய தோல்மீது ஓடும் இணைப்புக் கோடுகள், உடைந்த சிலையை யாரோ பொறுமையாகச் சேர்த்து ஒட்டியது போல. விகாரமாக இல்லை. புதிதாக இருக்கிறது. பயத்தைவிட முதலில் பரிதாபம் வருகிறது. நாவலுக்கு நெருங்கிய பாதையில் படம் போகிறது என்பதற்கு இது நல்ல அறிகுறி.

இரண்டாவது, இடங்கள். கப்பலையும் ஆய்வுக்கூடத்தையும் கணினியில் வரையாமல் பெரும்பாலும் உண்மையாகவே கட்டியிருக்கிறார்கள். முன்னோட்டத்தில் கப்பல் ஆடும்போது மரம் முனகுவது போன்ற கனம் தெரிகிறது. கணினிப் பனியில் அந்தக் கனம் வராது. திகிலுக்கு இருட்டைவிடக் கனம் முக்கியம் என்பது என் எண்ணம்.

தயக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு சட்டகமும் ஓவியம் போல அழகாக இருக்கிறது. எலிசபெத்தின் உடைகளைப் பார்த்தால் நகைக்கடை விளம்பரமோ என்று தோன்றும் அளவுக்கு அழகு. அழகு கூடினால் பயம் குறையும். நாவலில் விக்டர் பிணவறையிலும் கசாப்புக் கூடத்திலும் பொருள் சேகரிக்கும் அருவருப்பு நம் தொண்டையில் நிற்கும். அது படத்தில் வருமா, அல்லது மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கரைந்துவிடுமா என்பதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டரை மணி நேர நீளமும் கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

எல்லாவற்றையும்விட நான் எதிர்பார்ப்பது அவன் குரலை. முன்னோட்டத்தில் அவன் பேசுகிறான். டெல் டோரோ நாக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவன் பேசினால் என்ன பேசுவான்? நாவலில் அவன் கேட்பது எளியது. என்னை உண்டாக்கினாய், ஏன் விட்டுவிட்டுப் போனாய்? அவனுக்குப் பெயர் இல்லை. பிறப்பைச் சொல்ல ஆள் இல்லை. ஊருக்குள் போனால் கல்லால் அடிக்கிறார்கள். யாருக்கும் கெடுதல் நினைக்காமல் வந்தவன், விரட்டி விரட்டியே கொலைகாரனாக மாறுகிறான்.

இதைப் படிக்கும்போது எனக்கு ஜெனீவா ஏரி நினைவுக்கு வரவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாமல், நீல அடையாள அட்டை இல்லாமல், இந்த மண்ணிலேயே பிறந்து இந்த மண்ணிலேயே முடி நரைத்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்தார்கள், பதிவு செய்ய யாருக்கும் தோன்றவில்லை, தோட்டம் கைமாறியது, லயம் இடிந்தது, அவர்கள் பிறந்ததைப் பார்த்த கிழவிகளும் போய்ச் சேர்ந்தார்கள். பதிவிலாகா முகப்பில் “யார் சாட்சி?” என்று கேட்டால் என்ன சொல்வது? இருப்பவனை இருக்கிறான் என்று ஒப்புக்கொள்ள ஆள் இல்லாமல் போவதைப் பற்றிய கதை இது. அதைப் பேய்ப் படம் என்று நினைத்துத் தள்ளிவிட்டால் நமக்குத்தான் நட்டம்.

அக்காவின் கேள்விக்கு நாவல் நேராகப் பதில் சொல்வதில்லை. ஆனால் அவன் பசிக்கிறது என்கிறான், குளிர்கிறது என்கிறான், தனியாக இருக்க முடியவில்லை என்கிறான். நாலு பேருடைய உடம்பில் வேறு யாருடைய உயிராவது இருந்திருந்தால் அது தன் பழைய வீட்டைத் தேடிப் போயிருக்கும். மூலன் உடலில் இருந்த யோகிக்குக் கயிலாயத்து நினைவு இருந்தது. இவனுக்குத் தேடிப்போக ஒரு வீடும் இல்லை. அதனால் அது அவனுடைய உயிர்தான் என்று நான் அக்காவிடம் சொன்னேன். “அப்ப அத உண்டாக்கினவன்தானே சோறு போடணும்” என்றார் அவர்.

பெற்றோர் கவனத்திற்கு ஒரு செய்தி. திரையரங்குப் படங்களைத் தணிக்கை செய்து யு, பி12, 13, 16, 18 என வகை பிரிக்கும் எல்பிஎஃப் வாரியம், இணையத் தளங்களில் வரும் படங்களைத் தணிக்கை செய்வதில்லை. அமெரிக்காவில் ரத்தக் காட்சிகளுக்காகவும் கோரக் காட்சிகளுக்காகவும் இப்படத்திற்கு ‘ஆர்’ தகுதி வழங்கப்பட்டுள்ளது. அதாவது, 17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம். வீட்டில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இருந்தால், நெட்ஃபிளிக்ஸ் கணக்கின் அமைப்புகளுக்குள் சென்று பிள்ளைகளின் பக்கத்திற்கு வயது வரம்பையும், உங்கள் பக்கத்திற்கு நான்கு இலக்க ரகசிய எண்ணையும் இப்போதே போட்டு வைத்துவிடலாம். நவம்பர் 7 வெள்ளிக்கிழமை. மறுநாள் பள்ளி இல்லை, பிள்ளைகள் இரவு வெகுநேரம் விழித்திருப்பார்கள்.